ஆண்டிச்சாமிக்காகச் செய்த பீரோ

என் அக்கா பாண்டிலட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமான மறுவாரம் மாப்பிள்ளை வீட்டின் மூத்த மருமகள் வீரலட்சுமி போன் செய்தார். புது மருமகளை வரவேற்கத்தான் கூப்பிடுகிறார் என்று அம்மா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா சிரிக்கவில்லை. வீரலட்சுமி பேசியது ஒரு நிமிடம்தான்.

"சர்டிபிகேட்டெல்லாம் கொண்டு வந்தா அத்தை வாங்கிப் பத்திரமா வைப்பாக. என்னோடதையும் வாங்கி வச்சாக. ஆறு வருசமா ரொம்பப் பத்திரமா இருக்கு."

வீரலட்சுமி கணிதத்தில் எம்.எஸ்ஸி. அவர் கல்யாணமாகி வந்தபோது ஒரு தேக்குப் பெட்டியில் ரகசிய அறை வைத்து அதற்குள் சான்றிதழ்களைக் கொண்டுவந்தார். சீர் இறக்கிய அன்றைக்கே அது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் மாமியார் ராக்காயியின் அண்ணன் ஆண்டிச்சாமி. மர அறுவை மில் வைத்திருப்பவர். அவருக்கு ஆன நேரம் நாலு நிமிடம். அன்றிலிருந்து அந்தச் சான்றிதழ்கள் ராக்காயியின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன, சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூட வேலைக்காக வீரலட்சுமி கேட்டபோது, நல்ல நாள் பார்த்து எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கூடம் அதற்குள் வேறு ஆள் எடுத்து, அந்த ஆளும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா இயற்பியலில் பி.எஸ்ஸி., அதற்கு மேல் பி.எட். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து பல வருடம் ஆகியிருந்தது. இந்த வருடம் பதிவு மூப்பு வந்துவிடும், ஆசிரியர் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று பேச்சு. ஒரிஜினல் கையில் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சான்றிதழ்களை விருதுநகரில் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே அனுப்புவதாக அப்பா நிச்சயதார்த்தத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தார். சம்பந்தி கேட்டால் அவரே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அது போகட்டும், அக்காவுக்கு வேறு காரணம் இருந்தது.

"இங்கன இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் யார்ட்டயாவது கேட்டுத்தானடா வாங்கணும்? என் பேரு போட்ட காயிதம் என் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்."

அப்பா இந்த விஷயத்தில் தெரியாமலே ஓர் உதவி செய்திருந்தார். கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் லேமினேட் செய்துவிடுவது அவர் பழக்கம். ரேஷன் கார்டை லேமினேட் செய்து, கடைக்காரர் பேனாவால் எழுத இடமில்லாமல் ஆக்கியவர். அக்காவின் ஏழு சான்றிதழ்களும் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் இருந்தன. நான் அவற்றைச் சிவகாசிக்கு எடுத்துப்போய் கலர் செராக்ஸ் எடுத்து, அதையும் லேமினேட் செய்தேன். நாடு முழுவதற்கும் காலண்டர் அடிக்கிற ஊர். பதிவாளரின் கையெழுத்து ஒரிஜினலைவிடத் தெளிவாக விழுந்திருந்தது. மாமியாரின் இரும்புப் பெட்டிக்கு ஏழு தயார். மற்ற ஏழுக்கும் இடம் பார்க்க வேண்டும்.

அப்படித்தான் ராமுத்தாயிடம் போனேன். அவருடைய பட்டறை சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற சாலையில், ஒரு தகரக் கொட்டகை. பட்டாசுக் கம்பெனிகளுக்கு வெடிமருந்துப் பெட்டி செய்வது அவர் தொழில். மருந்து புழங்குகிற அறைக்குள் இரும்பு ஆணி போகக் கூடாது. எதிலாவது உரசி ஒரு பொறி விழுந்தால் பெட்டி, அறை, ஆள் எல்லாம் சேர்ந்து போய்விடும். அதனால் அவர் பெட்டிகளில் ஆணி கிடையாது. மரத்துக்குள் மரம் புகுந்து உட்கார்ந்திருக்கும். மருந்துத் தூசி கசியக் கூடாது என்பதால் இடைவெளியும் கிடையாது. மூடிய பெட்டியை நான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே திறக்கும் என்று தெரியவில்லை. அது ரகசியப் பெட்டிகூட அல்ல, சாதாரணப் பெட்டி.

நாற்பது வயதிருக்கும் அவருக்கு. காதில் பென்சில், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. நான் கிராஃப் தாளில் ஒரு பீரோ வரைந்து, ரகசிய அறையைச் சிவப்பில் தீட்டிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதன் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார்.

"தேடப் போறது யாரு?"

எதை ஒளிக்க வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன்.

"அதைப் பெறகு சொல்லுங்க தம்பி. தேடுறவுக யாரு? ஒசரம் என்ன, வயசு என்ன, குனிய முடியுமா, கண்ணாடி போடுவாகளா?"

சட்டைக்கு அளவெடுப்பது மாதிரி கேட்டார். ஆண்டிச்சாமி என்றதும் உளியைக் கீழே வைத்தார். அவருடைய மில்லில் பலகை வாங்கியிருக்கிறாராம். விற்கும்போது பார்த்திருக்கிறேன், தேடும்போது பார்த்ததில்லை, அதைப் பார்த்துவிட்டு வந்தால் செய்கிறேன் என்றார். கல்லூரியில் நான்கு வருடத்தில் எந்த வாத்தியாரும் எனக்கு இவ்வளவு தெளிவாக வேலை சொன்னதில்லை.

எங்கள் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பேட்டி என்று சொல்லி மில்லுக்குப் போனேன். ஆண்டிச்சாமிக்கு அறுபது வயது. மீசை மட்டும் முப்பதில் நின்றிருந்தது. பேட்டி என்றதும், நான் யார் வீட்டுப் பையன் என்றுகூட யோசிக்காமல், மிஷினை நிறுத்தச் சொன்னார். வீரலட்சுமியின் பெட்டியைக் கண்டுபிடித்த வரலாற்றைத் தேதி, கிழமையோடு ஆரம்பித்து, அங்கிருந்த மேசையிலேயே செய்து காட்டினார். முதலில் முட்டியால் இடமிருந்து வலமாகத் தட்டுவார். காது வைத்துக் கேட்பார். டேப் வைத்து வெளியே அளப்பார், உள்ளே அளப்பார், கழித்துப் பார்ப்பார். பசை வாசம் வருகிறதா என்று முகர்வார். மூட்டு வலி என்பதால் அடிப்பக்கம் பார்க்க மட்டும் இன்னோர் ஆளைக் குனியச் சொல்வார். இரண்டு மணி நேரம் பேசினார். முடிந்ததும் சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்து மீசையைச் சீவிக்கொண்டு, போட்டோ எடுக்க மாட்டீர்களா என்று கேட்டார்.

ஒன்பது பக்கம் எழுதியிருந்தேன். பத்திரிகையில் எட்டு வரி வந்தது. மீதி ராமுத்தாய்க்கு.

அவர் பலகை இழைத்துக்கொண்டே என்னை வாசிக்கச் சொன்னார். இரண்டு இடத்தில் மட்டும் இழைப்புளியை நிறுத்தினார். ஒன்று, பெட்டியில் அறை கிடைத்த பிறகு வேறு எங்கேயாவது தேடினீர்களா என்று நான் கேட்டதற்கு ஆண்டிச்சாமி சொன்ன பதில்: "அதான் கெடச்சிருச்சே, பெறகு எதுக்குத் தேடணும்?" இன்னொன்று, மீசை சீவிய இடம். அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"எம்புட்டு நேரம் நின்னாரு?"

மிஷின் நின்றிருந்ததால் எனக்கு நேரம் நன்றாகத் தெரியும். இரண்டு நிமிடத்துக்குக் குறையாது.

"அப்ப அங்கனதான்" என்றார்.

பீரோ இரண்டு கதவு வைத்தது. வேங்கை மரம். வலது கதவில் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கும் கதவின் உட்பலகைக்கும் நடுவில் சுண்டு விரல் கனத்துக்கு ஓர் உறை மாதிரி இடம் விட்டார். கதவின் உள்பக்கம் துண்டு தொங்கப்போட ஒரு மரக் கம்பி. அந்தக் கம்பியை அரைச் சுற்றுத் திருப்பினால், கதவின் ஓரத்தில் இருக்கிற ஒல்லியான சட்டம் மேலே நகரும். ஏழு சான்றிதழும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பிளாஸ்டிக் சலசலக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் நடுவில் பழைய வாயில் புடவைத் துணி. பசையே இல்லை, முகர்வதற்கு. டேப் வைத்தால், கண்ணாடிக் கதவு எவ்வளவு கனம் இருக்குமோ அவ்வளவு கனம்.

கண்ணாடிக்குப் பின்னால் என்பது எல்லோரும் தேடுகிற இடமாயிற்றே என்று என் அறிவைக் கொஞ்சம் காட்டினேன்.

"கண்ணாடியைப் பாக்குற ஆளை நீங்க பாத்திருக்கீகளா தம்பி? அவுகவுக தன்னைத்தான பாக்குறாக."

அதோடு அடி டிராயரில் இன்னொரு ரகசிய அறை செய்தார். ஒரு விரல்கடை ஆழம். டேப் வைத்தால் உடனே கணக்கு இடிக்கும்படி, தட்டினால் பொத்தென்று கேட்கும்படி, மிகுந்த கவனத்தோடு மோசமாகச் செய்தார். நல்லதாகச் செய்ததைவிட இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. அதை வெறுமனே விடக் கூடாது, ஒன்றுமில்லாவிட்டால் மனிதர் மேலும் தேடுவார், எடுத்துப் பார்த்ததும் மனசு நிறைகிற மாதிரி ஏதாவது வையுங்கள் என்றார். வைத்தது அக்காவின் யோசனை: பட்டுத் துணியில் சுற்றிய மாப்பிள்ளை போட்டோ.

மாப்பிள்ளை விக்னேஷ்குமார் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அபிப்பிராயங்களையும் அவர் அம்மாதான் பத்திரமாக வாங்கி வைத்திருந்தார்.

ஆவணியில் கல்யாணம். ராமுத்தாயின் கணவர் சுடலை தன் லோடு ஆட்டோவில் பீரோவை ஏற்றி வந்து, மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் இறக்கினார். வெம்பக்கோட்டை அணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீடு. அப்பா செராக்ஸ் ஏழையும் ஒரிஜினல் என்றே நம்பி, கும்பிட்டு ராக்காயியிடம் கொடுத்தார். அவர் எண்ணி வாங்கினார். பிறகு ஆண்டிச்சாமி சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சுடலையோடு வந்த ராமுத்தாய் ஆட்டோவின் மேல் சாய்ந்து நின்றார்.

மேல் தட்டு, நடுத் தட்டு, டிராயர் என்று ஆண்டிச்சாமி வரிசையாகத் தட்டினார், கேட்டார், அளந்தார். அடி டிராயரில் டேப் நின்றது. சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினார். பலகை எழும்பியது. மூன்றரை நிமிடம். தன் பழைய சாதனையை அரை நிமிட வித்தியாசத்தில் முறியடித்திருந்தார்.

பட்டுத் துணியைப் பிரித்தபோது உள்ளே தன் மருமகனே சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அவருக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. பெண்கள் சிரித்த சிரிப்பில் விக்னேஷ்குமார் மாடிக்கு ஓடினார். ராக்காயி என் அக்காவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். ஆண்டிச்சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எழுந்து, கண்ணாடி முன்னால் நின்று மீசையைச் சீவினார். இரண்டு நிமிடத்துக்கு மேலேயே சீவினார். சீவி முடித்துவிட்டு ராமுத்தாயைக் கூப்பிட்டார்.

"வேலை நல்ல வேலைதான் தாயி. ஆனா எங்கிட்டச் செல்லாது."

"செல்லாதுய்யா" என்றார் ராமுத்தாய்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தீபாவளி முடிந்த வாரம், சிவகாசிப் பக்கம் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது, எங்கள் வீட்டு விலாசத்துக்கு அக்கா பெயரில் கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சூலக்கரையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும். நான் அக்காவுக்கு போன் செய்தேன். அரை மணி கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டாள். கம்பி திரும்புகிறது, சட்டம் நகரவில்லை என்றாள்.

ஐப்பசி மழையில் அணை நிரம்பி, வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது. மரம் ஊதிவிட்டது.

ராமுத்தாயிடம் போய்ச் சொன்னேன்.

"என் தப்பு. மருந்துப் பெட்டி செஞ்ச கை, இறுக்கி இறுக்கியே பழகிருச்சு. காஞ்ச ஊர்ல வச்சே பாத்திட்டேன். தண்ணிக்குப் பக்கத்துல போகுதேன்னு ஒரு நூல் எடம் விட்டிருக்கணும்."

புதன்கிழமை காலையில் நானும் அவரும் போனோம். பீரோவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இலவச சர்வீஸ் உண்டு என்று ராக்காயியிடம் சொன்னேன். அடுப்புக்கும் மிக்ஸிக்கும் சர்வீஸுக்கு ஆள் வந்து பார்த்தவர், நம்பினார். ராமுத்தாயை மட்டும் பின்வாசல் வழியாக வரச் சொன்னார். ராமுத்தாய் சுற்றிக்கொண்டு வந்தார். அவருக்கு அந்த வீட்டில் எந்த வாசலிலும் வேலை இல்லை, ஒரு கதவில்தான் வேலை.

ஆனால் மர விஷயம் என்றால் அண்ணனுக்குச் சொல்லாமல் இருக்க முடியாதே. ராக்காயி போன் செய்த கால் மணி நேரத்தில் ஆண்டிச்சாமி வந்து, பீரோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ராமுத்தாய் வேறு வழியில்லாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிராயரைக் கழற்றி இழைக்க ஆரம்பித்தார். ஆண்டிச்சாமி ஒரு காபி குடித்தார். தான் இந்த டிராயரைக் கண்டுபிடித்த கதையை, இதைச் செய்தவருக்கே சொன்னார். இன்னொரு காபி வந்தது. டிராயர் தேய்ந்துகொண்டே போனது. இப்படியே போனால் சாயங்காலத்துக்குள் டிராயர் இருக்காது, சான்றிதழும் வராது என்று நான் கணக்குப் போட்டேன். ராமுத்தாய் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டிராயர்ல ஒண்ணும் கொறையில்லக்கா" என்றாள் ராமுத்தாயிடம். "கதவைப் பாருங்க. என் சர்டிபிகேட் அதுக்குள்ளதான் இருக்கு. நாளைக்கு எனக்கு வேணும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ராக்காயியின் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

"அப்ப நான் பூட்டி வச்சிருக்கிறது?"

"கலர் செராக்ஸ், அத்தை."

"சிவகாசியில எடுத்தது" என்றேன் நான். அச்சின் தரமாவது ஆறுதலாக இருக்கட்டும் என்று.

ராக்காயி என்னைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, இது ஒனக்குத் தெரியாமப் போச்சா?"

ஆண்டிச்சாமி கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவர்தான் தெரிந்தார். மூன்று மாதமாக வெம்பக்கோட்டை டீக்கடையிலிருந்து மதுரை மரக்கடை வரை, மூன்றரை நிமிடக் கதையைச் சொல்லிவந்த மனிதர். அந்தக் கதையெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாம மரத்துல என்ன இருக்கு? அன்னைக்கே தெரியும். படிச்ச பிள்ளை, அது சொத்து அதுங்கிட்டயே இருக்கட்டும்னுதான் விட்டேன்."

அந்த அறையில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. மறுத்துப் பேசவும் ஆளில்லை. ராமுத்தாய் மட்டும் டிராயரைத் திரும்ப மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஐயா அன்னைக்குக் கண்ணாடி முன்னால ரொம்ப நேரம் நின்னாக. அப்பவே நெனச்சேன்."

ஆண்டிச்சாமி அவரை நன்றியோடு பார்த்தார். ராக்காயி வாயைத் திறப்பதற்குள் அடுப்படி வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. வீரலட்சுமி, கையில் கரண்டியோடு.

"அப்ப என்னோடது, பெரியப்பா?"

ஆண்டிச்சாமி இருமினார். சொன்ன வார்த்தையை எந்தப் பக்கமாக அளந்தாலும் வீரலட்சுமிக்கும் சரியாகத்தான் இருந்தது. "அதுவுந்தான்" என்றார். பிறகு தங்கச்சியைப் பார்க்காமல், "குடுத்துரு தாயி" என்றார். ராக்காயி உள்ளே போனார். வீரலட்சுமி கரண்டியோடு அவர் பின்னாலேயே போனார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் வேலை மட்டும்தான் நடந்தது. ராமுத்தாய் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி கேட்டு வாங்கி, மரத்தில் படாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து, சட்டத்தின் மேலும் கீழும் மெதுவாகக் கொண்டுபோனார். நடுநடுவே புறங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. முக்கால் மணி நேரம். பிறகு கம்பியை அரைச் சுற்றுத் திருப்பி உள்ளங்கையால் ஒரு தட்டு. சட்டம் சத்தமில்லாமல் மேலே போனது. அதன் ஓரத்தில் ஒரே ஒரு சீவல் எடுத்தார். ஊதினால் பறக்கிற சீவல்.

ஆண்டிச்சாமி நாற்காலியிலிருந்து இறங்கி, மூட்டு வலியோடு மண்டி போட்டார். சட்டத்தைத் தானே ஏற்றி இறக்கிப் பார்த்தார். மூடியபின் சேர்க்கை எங்கே என்று நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் எங்கேயும் தடுக்கவில்லை. மறுபடி தடவினார். அந்த முகத்தில் இப்போது மீசை தெரியவில்லை. நல்ல மரம் பார்த்த மரக்காரர் முகம்தான் இருந்தது.

"இந்த எடத்தை எப்படித் தாயி கணக்குப் பண்ணுன?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"உங்களை வச்சுத்தான்யா பண்ணுனேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினார்.

அக்கா ஏழு சான்றிதழையும் துணியிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு கவரில் போட்டாள். ராமுத்தாய் கிளம்பவில்லை. பீரோவின் இரண்டு கதவையும் ஒரே அளவு திறந்து, ஒரே நேரத்தில் கையை எடுத்தார். வலது கதவு ஒரு கணம் முந்திச் சாத்திக்கொண்டது. எனக்கு அது தெரியக்கூட இல்லை. அவர் மறுபடி திறந்து விட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"எடுத்ததைத் திருப்பி இங்கனதான் வைப்பீகளா?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா கவரை மார்போடு பிடித்திருந்தாள். சட்டத்தைப் பார்த்தாள், நாற்காலியில் திரும்ப ஏறிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமியைப் பார்த்தாள்.

"வைக்க மாட்டேங்க்கா."

ராமுத்தாய் இடது கதவைத் திறந்து, அடிச் சட்டத்தில் உளியை வைத்து ஒரு நெம்பு நெம்பினார். அங்கேயிருந்து ஒரு மரத்துண்டு வந்தது, நீளமாக, ஏழு சான்றிதழின் எடைக்கு. வலது கதவு மட்டும் கனத்துச் சாத்திக்கொண்டால் சத்தம் கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும் என்று, செய்த அன்றைக்கே இடது கதவுக்கும் சரி எடை வைத்திருக்கிறார். எங்களிடம் சொல்லவே இல்லை. ஆண்டிச்சாமி நாற்காலியில் பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றார்.

ராமுத்தாய் இரண்டு கதவையும் மறுபடி திறந்து கையை எடுத்தார். இரண்டும் ஒன்றாக வந்து சாத்திக்கொண்டன. துண்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். முன்பக்கம் அக்கா மாப்பிள்ளைக்கு போன் செய்து, நாளைக்கு ஏழரை மணி பஸ்ஸுக்குச் சூலக்கரை போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.